வால்டன் குளக்கரையும் லோவல் ஆலைமணியும்

ஓய்வு வேறு; சோம்பல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் உழைப்பைப் போற்றும் மக்களிடையேதான் மிகுதியாக உண்டு. காலை முதல் இரவு வரை ஓயாது ஓடிக்கொண்டிருப்பவரைக் கண்டால் சுறுசுறுப்பானவர் என்று பாராட்டுகிறது உலகம். அவ்வோட்டம் எதற்காக, எதுவரை என்று அது கேட்பதில்லை. இந்தக் கேள்வியைத் தம் வாழ்வையே சோதனைக் களமாக்கிக் கேட்டவர், அமெரிக்க நாட்டு அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ ஆவார். 1845ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள், மாசாசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரின் புறத்தேயுள்ள வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் அவர் குடிபுகுந்தார்.

அதே ஆண்டில், அதே மாநிலத்தில், கான்கார்டிலிருந்து ஏறத்தாழ 15 மைல் தொலைவிலுள்ள லோவல் நகரத்தில், நெசவாலைப் பெண்கள் தங்கள் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டுமென்று சட்டமன்றத்திற்கு விண்ணப்பம் விடுத்தனர். கான்கார்டு ஊரைக் கடந்து செல்லும் ஆறு லோவல் நகரில்தான் மெர்ரிமாக் பேராற்றோடு கலக்கிறது. ஒரே ஆற்றின் கரையிலிருந்து, ஒரே ஆண்டில், ஒரே கேள்வி இரு குரல்களில் எழுந்தது. மனிதனுடைய ஒரு நாள் யாருக்கு உரியது என்பதே அக்கேள்வி. தோரோவின் குரலை உலகம் நன்கறியும். ஆலைப் பெண்களின் குரலை அறிந்தோர் சிலரே. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

ஆலைமணி ஒலித்த காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அம்மாநிலத்து மக்களிற் பெரும்பாலோர் உழவர்கள். கதிரவனும் பருவமுமே அவர்களுக்குக் கடிகாரம். அறுவடைக் காலத்தில் கடுமையாக உழைத்தனர். பனிக்காலத்தில் வேலை தானே தளர்ந்தது. நீராற்றலால் இயங்கும் நெசவாலைகள் தோன்றியபின் இந்நிலை மாறியது. 1826இல் தனி ஊராக அமைக்கப்பட்ட லோவல், சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் பெரும் ஆலை நகரமாக வளர்ந்தது. அங்கு வேலை செய்தவர்களில் மிகப் பலர் உழவர் குடும்பத்து இளம்பெண்கள். ஆலையை நடத்தியோர் கட்டிய விடுதிகளிலே அவர்கள் தங்கினர். எழுவதற்கு ஒரு மணி, ஆலைக்குள் நுழைவதற்கு ஒரு மணி, உண்பதற்கு ஒரு மணி, விளக்கணைப்பதற்கு ஒரு மணி என்று அவர்களுடைய நாள் முழுவதும் மணியோசையால் அளக்கப்பட்டது. சராசரியாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் வேலை. வாரத்தில் ஆறு நாள். காலையுணவுக்கும் நண்பகலுணவுக்கும் அளிக்கப்பட்ட இடைவேளை மிகச் சிறிது. விடுதிக்கு ஓடிச் சென்று, உண்டு, மீண்டும் ஓடிவரவே அது போதும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தறிகளின் வேகம் கூட்டப்பட்டது. ஒருத்தி கவனிக்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கையும் கூடியது.

ஆலையைப் போலவே இருப்புப்பாதையும் மக்களின் நேர உணர்வை மாற்றியது. 1844இல் பிட்ச்பர்க் இருப்புப்பாதை கான்கார்டை எட்டியது. வால்டன் குளத்தின் மேற்கு ஓரத்தை ஒட்டியே புகைவண்டி சென்றது. வண்டியின் ஊதல் கேட்டு உழவர்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ளலாயினர். ஆதலின் தோரோ குடியேறிய இடம் மனித வாடையே இல்லாத அடர்காடு அன்று. ஊரிலிருந்து ஒன்றரை மைல். குடிலின் அருகிலேயே புகைவண்டியின் இரைச்சல். புதிய வேகத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர் அல்லர் அவர். அதனருகே அமர்ந்து அதை ஆராய்ந்தவர்.

ஆசிரியராக இருந்த தோரோ

1817ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் கான்கார்டில் பிறந்த தோரோ, 1837இல் ஹார்வர்டு கல்லூரியிற் படித்துத் தேறினார். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிரம்பைப் பயன்படுத்தாமல் அவர் பாடம் நடத்துவதைக் கண்ட பள்ளிக்குழு உறுப்பினர் ஒருவர், அடியில்லாமல் ஒழுங்கு வராது என்று கண்டித்தார். தோரோ சில மாணவர்களை அடித்தார். அன்று மாலையே வேலையை விட்டு விலகினார். அவர் அங்குப் பணியாற்றியது இரண்டு வார அளவே.

1838இல் தம் தமையன் ஜானுடன் சேர்ந்து சொந்தமாகப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். அங்குப் பிரம்படி இல்லை. மாணவர்களை ஆற்றங்கரைக்கும் காட்டிற்கும் அழைத்துச் சென்று செடிகொடிகளையும் பறவைகளையும் காட்டிப் பாடம் நடத்தினர் உடன்பிறந்தார் இருவரும். ஜானின் உடல்நலக் குறைவால் 1841இல் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டு தொடக்கத்தில், சவரக்கத்தி பட்ட சிறு காயத்தின் வழியாக வந்த ரணஜன்னியால் ஜான் இறந்தார். இத்துயரம் தோரோவை நெடுநாள் வாட்டியது. தமையனோடு 1839இல் ஆற்றிற் படகோட்டிச் சென்ற பயணத்தை நூலாக எழுத வேண்டுமென்ற எண்ணம் அவர் மனத்தில் இருந்தது. அதற்கு வேண்டிய நேரமும் அமைதியும் கிடைக்கவில்லை. தந்தையாரின் பென்சில் தொழிலில் உதவினார். அறிஞர் எமர்சன் வீட்டில் தங்கி வேலைகள் செய்தார். குளக்கரைக்குச் சென்றதன் முதல் நோக்கம் அந்நூலை எழுதி முடிப்பதேயாகும். வேலையைக் குறைத்தார் என்பதைவிட, தமக்குரிய வேலைக்காக மற்றவற்றைக் குறைத்தார் என்பதே பொருந்தும்.

குளக்கரைக் கணக்கு

தோரோவின் சோதனையிலே வியக்கத்தக்கது அவர் வைத்திருந்த கணக்கு. நிலம் எமர்சனுக்கு உரியது. 1845 மார்ச்சு இறுதியில் இரவல் வாங்கிய கோடரியால் மரம் வெட்டத் தொடங்கினார். இருப்புப்பாதையில் வேலை செய்த ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பலகைகளை எடுத்துக்கொண்டார். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள குடிலுக்கு ஆன செலவு 28 அமெரிக்க வெள்ளி 12½ காசு. அந்நாளில் ஹார்வர்டு மாணவன் ஓர் அறைக்கு ஓராண்டு வாடகையாகக் கொடுத்த தொகை 30 வெள்ளி. ஓராண்டு வாடகையிலும் குறைந்த செலவில் வாழ்நாள் முழுதும் தங்கத்தக்க வீடு கிடைத்தது என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

முதல் ஆண்டு இரண்டரை ஏக்கர் நிலத்தில் பெரும்பாலும் அவரையும், சிறிதளவு உருளைக்கிழங்கு, சோளம் முதலியனவும் பயிரிட்டார். வரவு 23 வெள்ளி 44 காசு. செலவு போக மிஞ்சியது 8 வெள்ளி 71½ காசு. நில அளவை, தச்சு, கூலி வேலை ஆகியவற்றால் மேலும் 13 வெள்ளி 34 காசு கிடைத்தது. எட்டு மாத உணவுக்கு அவர் வெளியே வாங்கிய பொருள்களின் விலை 8 வெள்ளி 74 காசு. இரண்டாம் ஆண்டு இன்னும் கூர்மையாகக் கணக்கிட்டார். தமக்கு வேண்டியது ஏக்கரில் மூன்றிலொரு பங்கே எனக் கண்டு, அதை மட்டும் மண்வெட்டியால் கொத்திப் பயிர் செய்தார். ஆண்டுக்கு ஆறு வாரம் உழைத்தால் தம் தேவைகள் நிறைவேறும் என்பதே அவர் கண்ட முடிவு. எஞ்சிய காலமெல்லாம் படிப்புக்கும் எழுத்துக்கும் நடைக்கும் உரியது.

இக்கணக்கின் அடிப்படையில் ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளின் உண்மையான விலை அதற்குக் கொடுக்கும் காசன்று. அக்காசை ஈட்டுவதற்குச் செலவாகும் வாழ்நாளே விலை என்பது அவர் கருத்து. இதை விளக்க அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லத்தக்கது. பிட்ச்பர்க் 30 மைல் தொலைவு. புகைவண்டிக் கட்டணம் 90 காசு. அஃது ஏறத்தாழ ஒரு நாள் கூலி. இருவர் அவ்வூருக்குப் புறப்படுகின்றனர். ஒருவர் இப்பொழுதே நடக்கத் தொடங்கி இரவுக்குள் சேர்ந்துவிடுகிறார். மற்றவர் வண்டிக் கட்டணத்தைப் பகல் முழுதும் உழைத்து ஈட்டியபின் அன்றிரவோ மறுநாளோ சென்று சேர்கிறார். விரைந்து சென்றவர் யார்? நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும் பல கருவிகள், அவற்றை வாங்குவதற்கான உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் நேரத்தை விழுங்குவனவாகவே முடிகின்றன.

குடிலில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மேசைமீது மூன்று சுண்ணாம்புக் கற்களை அழகுக்காக வைத்திருந்தார். நாள்தோறும் அவற்றைத் தூசி துடைக்க வேண்டியிருந்தது. மனத்தின் தூசியே துடைக்கப்படாமல் இருக்கக் கற்களைத் துடைப்பதா என்று அவற்றை வெளியே எறிந்துவிட்டார். கோடைக் காலையில் சில நாள் வாசற்படியில் அமர்ந்து நண்பகல் வரை வேறொன்றும் செய்யாமல் இருப்பார். வேறு சில நாள் குளத்தைச் சுற்றி நடப்பார். அடியே இல்லாத குளம் என்று ஊரார் நம்பிவந்த வால்டனை, 1846இல் பனி உறைந்திருந்தபோது கயிறும் கல்லும் கொண்டு அளந்து, மிக ஆழமான இடம் 102 அடி என்று வரையறுத்தார். தலைமுறை தலைமுறையாக அக்குளத்தருகே சென்றுவந்தவர் எவரும் இதைச் செய்து பார்க்கவில்லை. அவர்களுக்கெல்லாம் நேரம் இல்லை!

பனிக்கட்டியும் சென்னையும்

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர் என்பவர், குளங்களில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். 1833இல் கல்கத்தாவிற்கு முதல் கப்பல் சென்றது. சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842இல் கட்டப்பட்டதே ‘ஐஸ் ஹவுஸ்’. 1897இல் விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது தங்கியதும் அக்கட்டடத்திலேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது.

1846-47 பனிக்காலத்தில், பனிக்கட்டி வணிகத்தின் பொருட்டு ஐரிஷ் தொழிலாளர் நூறு பேர் வால்டன் குளத்திற்கு வந்தனர். நல்ல நாளில் ஆயிரம் டன் வரை வெட்டினர். ஏறத்தாழப் பத்தாயிரம் டன் கரையிலே மலைபோல் அடுக்கப்பட்டு, வைக்கோலாலும் பலகைகளாலும் மூடப்பட்டது. குடில் வாயிலிலிருந்து இதனைக் கண்ட தோரோ, சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் கிணற்று நீரைப் பருகப்போகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்தார். காலை வேளைகளில் வில்கின்சு மொழிபெயர்த்த பகவத்கீதையைப் படித்துவந்தவர் அவர். கங்கை நாட்டு அறிவு தம் குடிலுக்கு வர, தம் குளத்து நீர் கங்கையிற் கலக்கச் செல்கிறது என்பது அவர் கண்ட இனிய கற்பனை.

நடந்ததோ வேறு. அப்பனிக்கட்டிக் குவியல் சந்தைக்குச் செல்லவே இல்லை. 1847 சூலையில் மூடியிருந்தவற்றை நீக்கிச் சிறு பகுதியை எடுத்துச் சென்றனர். எஞ்சியது வெயிலிற் கிடந்தது. 1848 செப்டம்பர் வரை சிறிது சிறிதாக உருகிக் குளத்திற்கே திரும்பியது. நூறு பேர் கடும் பனியில் உழைத்த உழைப்பிற் பெரும்பகுதி இவ்வாறு கரைந்தது. வேலை செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர்; திறமையற்றவர்களும் அல்லர். ஆயினும் பரபரப்பும் பயனும் எப்பொழுதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அறிவுரையும் சட்டமும்

இனி, தோரோவின் வழியிலுள்ள குறையையும் காண்பது முறை. அவர் மணமாகாதவர், மக்கள் இல்லை. நிலம் நண்பர் கொடுத்தது. வேண்டும்போது ஊருக்குச் சென்று தாய்வீட்டில் உண்ணலாம். ஆறு வார உழைப்பில் ஓராண்டை ஓட்டுவது அத்தகைய ஒருவருக்கே எளிது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, ஜான் பீல்டு என்னும் ஐரிஷ் தொழிலாளியின் ஒழுகும் குடிசையில் அவர் நுழைந்தார். பண்ணையாருக்காகச் சதுப்புநிலத்தைக் கொத்தித் திருத்தி, ஏக்கருக்குப் பத்து வெள்ளி பெற்று, மனைவி மக்களைக் காத்துவந்தவர் அவர். தேநீர், காப்பி, வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றை விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்க வேண்டியதில்லை என்று தோரோ அவருக்கு எடுத்துரைத்தார். கணவனும் மனைவியும் கேட்டு நின்றனர். அறிவுரை அங்கு வேர்விடவில்லை. வேர்விடாததற்கு அவர்களின் அறியாமையே காரணம் என்பதுபோல் தோரோ எழுதினார். குழந்தையை மடியில் வைத்திருப்பவனின் கணக்கும் தனியனின் கணக்கும் வேறு என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை.

லோவல் பெண்களின் கதை இவ்விடத்தில் ஒளி தருகிறது. 1844 இறுதியில் அவர்கள் தொழிற்சீர்திருத்தச் சங்கம் ஒன்றை அமைத்தனர். சாரா பாக்லி என்னும் ஆலைத் தொழிலாளி அதன் தலைவி. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்று சட்டம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. படிக்கவும், உடல்நலம் பேணவும், எண்ணிப் பார்க்கவும் நேரம் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய காரணம். 1845 பிப்ரவரியில் சட்டமன்றக் குழுவின் முன் பாக்லியும் பிறரும் நேரிற் சென்று சான்று கூறினர்.

குழு அளித்த அறிக்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆலைகளிற் குறைகள் உண்டென்று அஃது ஒப்புக்கொண்டது. ஆனால் மருந்து சட்டமன்றத்தின் கையில் இல்லை என்றது. மக்கள் பணத்தாசையைக் குறைத்து, வாழ்வின் உயர்ந்த நோக்கங்களை உணரும்போது குறைகள் தாமே நீங்கும் என்பது அதன் கருத்து. பணத்தாசையைக் குறை, வாழ்வின் நோக்கத்தை எண்ணு என்பதுதானே தோரோவின் அறிவுரையும்! தம் வாழ்வையே பணயம் வைத்த ஒருவர் சொன்னபோது அது மெய்ந்நெறியாக ஒலித்தது. சட்டமியற்றும் ஆற்றலுடையோர் சொன்னபோது அதுவே தட்டிக்கழிக்கும் சொல்லாயிற்று. சொல் ஒன்றேயாயினும், அதைச் சொல்பவர் எவர், கேட்பவர் எவர் என்பதைப் பொறுத்து அறமும் மாறுகிறது.

பெண்கள் சோர்ந்துவிடவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. எனினும் அக்குழுவின் தலைவராயிருந்த லோவல் உறுப்பினருக்கு எதிராகப் பரப்புரை செய்தனர். அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். 1874இல் மாசாசூசெட்ஸ் மாநிலம் பெண்களுக்கும் சிறார்க்கும் பத்து மணி நேரச் சட்டத்தை இயற்றியது. விண்ணப்பத்திற்கும் சட்டத்திற்கும் இடையே 29 ஆண்டுகள்! 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் ஒப்பந்தம் எட்டு மணி நேர வேலைநாளை உலக நெறியாக்கியது. தீபகற்ப மலேசியாவில் 2023 சனவரி முதல் வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்பு 45 ஆகக் குறைந்ததும் இந்நெடுவழியில் வைக்கப்பட்ட ஓர் அடியே. தோட்டத்துப் பெரட்டு மணியோசையைக் கேட்டு விழித்த தலைமுறைகளுக்கு லோவல் மணியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விளைந்த பயன்

அப்படியானால் தோரோவின் வழி வீணோ? அன்று. 1847 செப்டம்பர் 6ஆம் நாள் அவர் குளக்கரையை விட்டு நீங்கினார். அங்கு வாழ்ந்தது இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். தமையனுடன் சென்ற பயண நூலை அங்கே எழுதினார். 1849இல் வெளிவந்த அதன் ஆயிரம் படிகளில் 706 விற்காமல் அவரிடமே திரும்பின. ‘வால்டன்’ நூலை அவசரப்பட்டு வெளியிடவில்லை. பலமுறை திருத்தி எழுதி 1854இல் வெளியிட்டார். ஈராயிரம் படிகள் விற்க ஐந்தாண்டு ஆயிற்று. இன்று அஃது உலக மொழிகள் பலவற்றிலும் படிக்கப்படுகிறது. குளக்கரையில் வாழ்ந்தபோது, 1846இல், அடிமை முறையை ஏற்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையில் இருந்தார். அதன் பயனாக எழுந்த கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிற் படித்து, 1907இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் வாயிலாக மக்களுக்கு அறிமுகம் செய்தார். அவ்வறப்போரில் டிரான்சுவால் தமிழர் பெருந்தொகையினராகச் சிறை சென்றனர் என்பது நாமறிந்த வரலாறு.

இவற்றினும் எதிர்பாராத பயன் ஒன்றுண்டு. 1850களில் தோரோ கான்கார்டின் காடுமேடெல்லாம் நடந்து, எந்தச் செடி எந்த நாளில் முதற்பூ பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தார். வேலையற்றவனின் வீண்வேலை என்று கண்டோர் எண்ணியிருக்கலாம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் ரிச்சர்டு பிரிமாக் அக்குறிப்புகளை இன்றைய பூக்கும் நாள்களோடு ஒப்பிட்டார். செடிகள் பல முன்னிலும் பல நாள் முந்திப் பூக்கின்றன எனக் கண்டார். உலகம் வெப்பமடைவதற்கு அஃது ஒரு சான்றாயிற்று. விரைந்து சென்றவர் எவரும் விட்டுச் செல்லாத செல்வம், மெல்ல நடந்தவரின் குறிப்பேட்டில் இருந்தது.

தோரோ 1862ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், தம் 44ஆம் வயதில், காசநோயால் மறைந்தார். எல்லாரும் குளக்கரைக்குச் செல்ல வேண்டுமென்று அவர் சொன்னதில்லை. அவரே அங்கு நிலைத்திருக்கவில்லை. குடியேறிய ஒரு வாரத்திற்குள் குடிலிலிருந்து குளத்திற்குத் தம் கால்கள் ஒற்றையடித் தடம் பதித்துவிட்டதைக் கண்டு, மெல்ல வாழ்வதும் வெறும் பழக்கமாகிவிடக்கூடும் என்று உணர்ந்தவர் அவர்.

குளக்கரையும் ஆலைமணியும் சேர்ந்து தரும் பாடம் இதுவே: நேரம் கிடைப்பதற்குச் சட்டமும் ஒற்றுமையும் வேண்டும், கிடைத்த நேரத்தை வாழ்வதற்குத் தேவையைக் குறைக்கும் துணிவும் பொருளை ஊன்றிக் காணும் கண்ணும் வேண்டும். முன்னதின்றிப் பின்னதைப் பேசுவது ஏழைக்கு உபதேசமாகும். பின்னதின்றி முன்னதைப் பெறுவது, வென்ற நேரத்தை வேறோர் ஓட்டத்திற்கு விற்பதாகும். பாடத்திட்டத்தை முடித்துவிட வேண்டுமென்று பக்கங்களைப் புரட்டி விரையும் வகுப்பறைக்கும் இது பொருந்தும். பத்துப் பாடங்களைக் கடந்து சென்ற மாணவனைவிட, ஒரு பூ மலரும் நாளைத் தானே கண்டு குறித்துவைத்த மாணவன் கற்றது மிகுதி. பள்ளியை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்ற அவ்விரு கான்கார்டு ஆசிரியர்களும் இதை அறிந்திருந்தனர்.